பூ வைத்துக்கொண்டு போன மனு

மகளே, இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். உனக்கு அப்போது நாலு வயது. இராஜபாளையம் வீட்டுப் படியில் உட்கார்ந்து, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து நான் வாங்கிவந்த பால்கோவாவை மடியில் வைத்துக்கொண்டு, தெருப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி ஆளுக்கு ஒரு கிள்ளு கொடுத்துக்கொண்டிருந்தாய். ஒரு பயல் இரண்டாம் தடவையும் வந்து நின்றான். வேறு பிள்ளையாக இருந்தால் விரட்டியிருக்கும். நீ அவன் முகத்தைப் பார்த்து, "ஒனக்குப் பசிக்கா?" என்று கேட்டாய். நான் அப்போதே உன் பெரியம்மாவைக் கூப்பிட்டு, இந்தப் பிள்ளை ஒரு காலத்தில் இதே கேள்வியைக் கேட்பதற்குச் சர்க்கார் சம்பளம் வாங்கும் என்று சொல்லிவிட்டேன். மதுரைக்குப் படிக்கப் போவாய் என்று சொன்னேன். சமூகப்பணி என்ற படிப்பை எடுப்பாய் என்று சொன்னேன். ராமநாதபுரத்தில் வேலை கிடைக்கும் என்பதைக்கூட, ஊர்ப்பெயரைச் சொல்லாவிட்டாலும், கடல் இருக்கிற திசையில் கையைக் காட்டிச் சொன்னேன். அப்படி எதுவும் நான் சொன்னதாக நினைவில்லை என்கிறாள் உன் பெரியம்மா. அவளுக்கு முந்தாநாள் வைத்த குழம்பே நினைவிருக்காது.

வியாழக்கிழமை உன் ஆர்டர் வந்தது. குழந்தைகள் பாதுகாப்பு அலகில் சமூகப்பணியாளர். ஞாயிற்றுக்கிழமை நீ பஸ் ஏறுகிறாய். உன் அப்பா, என் தம்பி, மஸ்கட்டுக்கு லாரி ஓட்டப் போனபோது உனக்கு மூன்று வயது. அவன் வந்துபோகிற இடைவெளிகளில் பள்ளிக்கூடத்தில் தகப்பனார் கையெழுத்து என்று கேட்ட இடத்திலெல்லாம் போட்டவன் நான். ஆகவே தகப்பன் எழுத வேண்டிய கடிதத்தையும் நானே எழுதுகிறேன். அவனும் எழுதுவான், ஆனால் நாலு வரிக்கு மேல் போகாது. இதில் ஒரு பிரதியை உன் பையில் வைப்பேன். இன்னொன்றைக் கடைக் கண்ணாடியில் ஒட்டுவேன். மனுவோடு வருகிறவர்கள் நகல் எடுக்கும்வரை சும்மாதானே நிற்கிறார்கள், படிக்கட்டும். "ஒங்க மக என்ன படிச்சிருக்கு, அது என்ன வேல?" என்று கேட்கிறவர்களுக்கு நான் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரிப் பதில் சொல்லி மாட்டிக்கொள்கிறேன். ஒரு தடவை உன்னை உதவிக் கலெக்டர் என்றே சொல்லிவிட்டேன். அவர்கள் வீட்டுப் பட்டாப் பிரச்சினையைத் தூக்கிக்கொண்டு உன்னைத் தேடி வந்தார்களே, அது என்னால்தான்.

நான் எட்டாம் வகுப்பு வரை போனவன். எட்டாம் வகுப்பை முடித்தேனா என்பது வேறு விஷயம். ஆனால் ஸ்ரீவில்லிபுத்தூர் தாலுகா ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவனுக்குக் கிடைக்கிற படிப்பு எந்தக் கல்லூரியிலும் கிடைக்காது. என் மெஷினைத் தாண்டாமல் எந்தக் காகிதமும் உள்ளே போவதில்லை. வயிற்றில் பிள்ளையோடு வருகிற பெண் கர்ப்பகால அட்டையை நகல் எடுக்கிறாள். அடுத்த வருஷம் அந்தப் பிள்ளையின் பிறப்புச் சான்றோடு வருகிறாள். பொறுத்துப் பார்த்தால் அதே பிள்ளைக்குச் சாதிச் சான்று, வருமானச் சான்று, உதவித்தொகைப் படிவம். வளர்ந்து மில்லுக்கோ கட்டட வேலைக்கோ போனால் நல வாரிய அட்டை. புருஷன் போய்விட்டால் ஆதரவற்ற விதவைச் சான்று. தலை நரைத்தால் முதியோர் உதவித்தொகை. கடைசியில் மகன் வந்து இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் எடுக்கிறான். ஒரு மனிதரின் வாழ்க்கை முழுக்க என் கண்ணாடி மேல் குப்புறப் படுத்துவிட்டுத்தான் போகிறது. நல்வாழ்வுத் திட்டம், நலத்துறை என்று நீங்கள் புத்தகத்தில் படிக்கிறீர்களே, அதை நான் இப்படித்தான் படித்தேன். எந்த உதவிக்கு எந்த ஆபீஸ், எந்த ஜன்னல், எந்தக் கிழமை, எல்லாம் எனக்கு மனப்பாடம். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர் யார், அவருக்கு என்ன வேண்டும் என்று மட்டும் நான் கேட்டதில்லை. அதுதான் உன் வேலை என்பது எனக்குத் தெரிய நீ வளர வேண்டியிருந்தது.

நகல் எடுக்கிறவர்களுக்கு நான் ஒரு பயிற்சியும் இலவசமாகக் கொடுத்து வந்தேன், உனக்குத் தெரியும். மனு கொடுக்கப் போகிறவள் தலையில் பூ இருக்கக் கூடாது. கம்மலைக் கழற்றிச் சுருக்குப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். சேலை வெளுத்திருக்க வேண்டும். ஆம்பளைகள் சட்டையை இஸ்திரி போட்டிருந்தால் என் கடை பெஞ்சில் அதைச் சுருட்டி, ஒருமுறை அதன் மேல் உட்கார்ந்து எழுந்து, பிறகு போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே போனதும் முதல் பேச்சே "என்னால ஒண்ணும் ஏலாதுய்யா" என்பதாக இருக்க வேண்டும். கண்ணீர் வராதவர்களுக்காக மேஜை இழுப்பறையில் இரண்டு சின்ன வெங்காயம் எப்போதும் கிடக்கும். இந்தப் பக்கத்தில் எல்லோரும் இதைத்தான் செய்தார்கள், நான் அதைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தினேன், அவ்வளவுதான். என் யோசனையால் காரியம் நடந்தவர்களை எண்ண முடியாது. காரியம் நடக்காதவர்கள் என் யோசனையைப் பாதிதான் கேட்டவர்கள்.

நீ மதுரையில் படிக்கும்போது, களப்பணி என்று வாரத்தில் இரண்டு நாள் எங்கள் பக்கம் வந்தாய். மாலையில் கடைக்கு வந்து, என்னோடு ஒரே பஸ்ஸில் இராஜபாளையம் திரும்புவாய். அப்போதுதான் ஜெபக்கனி கதை ஆரம்பித்தது. இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன், ஜெபக்கனி சேத்தூரில் அக்கா வீட்டில் இருக்கிறவள், முப்பதைத் தாண்டியவள். சின்ன வயதுக் காய்ச்சலில் ஒரு கால் முழுதாகச் சூம்பிவிட்டது, மறு கால் பாதி. இரண்டு கட்டைகளை ஊன்றித்தான் நடப்பாள். ஆனால் மோட்டார் மெஷினில் உட்கார்ந்தால் நைட்டி தைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. தளவாய்புரத்தில் ஒரு தையல் கம்பெனி வெட்டிய துணியைக் கட்டாகக் கொடுக்கும், அவள் தைத்துக் கொடுப்பாள். துணிக்கட்டை எடுத்து வருவதும் தைத்ததைக் கொண்டுபோய்ப் போடுவதும் அக்கா புருஷன் பைக்கில். அவர் நல்ல மனுஷன்தான். மனசு இருக்கிற நாளில் வருவார், இல்லாத நாளில் வர மாட்டார்.

நீ அவள் வீட்டுக்கு மூன்று தடவை போனாய். மூன்றாவது தடவையும் திரும்பி வந்து, பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, ஒன்றும் எழுதாமல் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்குப் பொறுக்கவில்லை. மூணு தடவ போயும் ஒரு பாரத்தைக்கூட நிரப்பவில்லையே, நானாக இருந்தால் முதல் நாளே மாத உதவித்தொகைக்கு மனு போட்டு, நகல் எடுத்து, ஸ்டாம்பு ஒட்டியிருப்பேன் என்றேன். நீ திரும்பி, "பெரியப்பா, அவிய என்ன கேக்காவன்னு இன்னைக்குத்தான் முழுசாச் சொன்னாவ" என்றாய். மூன்று நாள் போனது அந்த ஒரு வாக்கியத்துக்காகவா என்று நான் சிரித்தேன். நீ கோபப்படவில்லை. அவள் சொன்னதை அப்படியே எனக்குச் சொன்னாய். கம்பெனிக்காரம்மா கனியை உள்ளே உட்கார வைத்து, தைத்து வருகிற உருப்படிகளைச் சரிபார்க்கிற வேலையைக் கொடுக்கத் தயார். தினமும் காலையில் தானாக வந்து சேர வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. தை பிறக்கும்வரைதான் காத்திருப்பார். கனி கேட்டது உதவித்தொகை இல்லை. பக்கத்தில் சின்னச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர் சர்க்காரில் கொடுக்கிறார்களே, அது. அதற்குக் காரணமாக அவள் சொன்னதுதான் உன்னை ஜன்னல் பக்கம் திரும்ப வைத்தது என்று பிறகு புரிந்துகொண்டேன். "மழை வந்தா அத்தான் வரமாட்டாக. நான் வாசல்லயே ஒக்காந்துருப்பேன். நனைஞ்சாலும் என் வண்டியில போயி நான் நனையணும் தாயி."

சமூகப்பணி என்றால் என்ன என்று கேட்கிறவர்கள் இந்த இடத்தில் நின்று படிக்கவும். கேட்பதுதான் முதல் வேலை. நாம் கொடுக்க நினைப்பதைக் கேட்க வைப்பது இல்லை, அவர்கள் கேட்பதைக் காதில் வாங்குவது. உடனே வராது. மூன்று தடவை டீ குடித்த பிறகுதான் வரும். நான் இதைப் புரிந்துகொண்டதாகத் தலையாட்டினேன். உண்மையில் அப்போது எனக்குப் புரிந்தது, ஸ்கூட்டருக்கு எந்த ஜன்னல் என்பது மட்டும்தான்.

மாற்றுத்திறனாளிகளுக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். டாக்டரும் அதிகாரியும் வந்து பார்த்து, யாருக்கு என்ன உதவி என்று எழுதுவார்கள். அன்றைக்கு உனக்குக் கல்லூரியில் வாய்மொழித் தேர்வு. வர முடியவில்லை. கனியிடம், இருக்கிறதை இருக்கிறபடி சொல்லுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தாய். காலையில் அவள் அத்தானோடு நகல் எடுக்க என் கடைக்கு வந்தாள். தலையில் கனகாம்பரமும் மல்லிகையும், காதில் பளபளவென்று கம்மல், நாவல்பழ நிறத்தில் சேலை. பார்த்ததும் எனக்குத் தலை சுற்றியது. இந்தக் கோலத்தில் போனால் கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்திருக்கிறாள் என்று நினைப்பார்களே. அந்தப் பிள்ளை புதுசு, படிப்பு இருக்கிறது, விவரம் பத்தாது, நான் சொல்வதைக் கேள் என்று உன்னைப் பற்றிக் கனியிடம் சொன்னேன். பூவை எடுத்து என் மெஷின் மேல் வைத்தேன். கம்மலைக் கழற்ற வைத்தேன். பக்கத்து இட்லிக் கடைக்காரம்மாவின் பழைய சேலையை வாங்கிக் கட்டச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். எனக்குத்தான் எதையும் அதோடு விட வராதே. கையும் லேசாக நடுங்கட்டும், பார்க்க நல்லாயிருக்கும் என்றேன். அவள் தயங்கினாள். "கை எதுக்கு அண்ணாச்சி, கை நல்லாத்தான இருக்கு?" என்றாள். காலுக்கு மட்டும் கொடுப்பதைவிடக் கையும் காலும் சேர்ந்தால் சீக்கிரம் கொடுப்பார்கள் என்று நான் சட்டம் பேசினேன்.

கனி நன்றாக நடித்தாள். நான் சொல்லிக்கொடுத்ததில் அவளைப்போல் செய்தவர்கள் கிடையாது. அதிகாரி தன் கையால் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாராம். டாக்டர் வெகு நேரம் பார்த்தாராம். காகிதத்தோடு அவள் கடைக்குத் திரும்பியபோது நான் பால்கோவாவோடு நின்றேன். காகிதத்தை வாங்கி, நகல் எடுத்து, உரக்கப் படித்தேன். கைகளிலும் நடுக்கம், வாகனம் ஓட்ட இயலாதவர், தொழில் ஏதும் இல்லை, பிறரைச் சார்ந்து வாழ்பவர், மாதாந்திரப் பராமரிப்பு உதவிக்குப் பரிந்துரை. பார்த்தாயா, ஸ்கூட்டர் இல்லாவிட்டால் என்ன, உட்கார்ந்த இடத்தில் மாதாமாதம் வருமே என்று நான் பால்கோவாவை நீட்டினேன். அந்த ஸ்கூட்டர் வேலைக்கோ படிப்புக்கோ போகிறவர்களுக்கு, கை நன்றாக இருந்து தானே ஓட்டக்கூடியவர்களுக்கு என்பது எத்தனையோ தடவை என் மெஷினில் நகலான விதிதான். எழுத்தை நகல் எடுத்தேனே தவிரப் படித்துப் பார்க்கவில்லை. கனி பால்கோவாவை வாங்கவில்லை. காகிதத்தை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இதுல நான் தையக்காரின்னு எங்கயுமே இல்லையே" என்றாள்.

நீ சாயங்காலம் வந்தாய். கடைக்கு வரவில்லை, நேரே சேத்தூருக்குப் போய்க் கனியைப் பார்த்துவிட்டு, நான் வீடு திரும்புகிற பஸ்ஸுக்கு வந்து சேர்ந்தாய். பஸ்ஸில் என் பக்கத்தில்தான் நின்றாய். நான் நீ திட்டுவாய் என்று எதிர்பார்த்து, அதற்குப் பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தேன். எல்லாம் வீணாகப் போயிற்று. நீ மெதுவாகத்தான் சொன்னாய். "நீங்க அவியளுக்கு உதவி பண்ணல பெரியப்பா. கால்தான் போயிருந்துச்சு, நீங்க கையையும் வாங்கிட்டு வந்துட்டீக." அன்று இரவுச் சாப்பாட்டில் ஏழு தோசை ஐந்தாகக் குறைந்தது. உன் பெரியம்மா கணக்கைப் பார்த்துவிட்டு, "இவுக ரெண்டு தோசைய விடுதாகன்னா ஊருல ஏதோ பெருசா நடந்துருக்கு" என்று உன்னைப் பார்த்தாள். நீ அவளிடமும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. தேங்காய்ச் சட்னி புளித்துவிட்டது என்று சொல்லிவிட்டாய். அதற்கு அவள் உன்னோடு போட்ட சண்டை இரண்டு நாள் நீடித்தது.

மறு வாரம் என்னையும் சேத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனாய். ஒரே ஒரு நிபந்தனை, நான் வாயைத் திறக்கக் கூடாது. கனி மெஷினில் உட்கார்ந்திருந்தாள். நீ தரையில் உட்கார்ந்து, இருக்கிற இரண்டு வழியையும் அவள் முன்னால் வைத்தாய். இந்தக் காகிதத்தை இப்படியே விட்டால் மாத உதவி வந்துகொண்டிருக்கும், யாரும் கேட்கப்போவதில்லை. மறுபரிசீலனை கேட்டால், அன்று சொன்னது பொய் என்று அவளே சொல்ல வேண்டியிருக்கும், ஸ்கூட்டரும் கிடைக்காமல், உதவியும் போய், கோபத்தில் அவர்கள் எதுவும் இல்லை என்று எழுதவும் கூடும். கனி உன்னிடம், எது நல்லதென்று நீயே சொல்லு தாயி என்றாள். நீ சொல்லவில்லை. "நான் சொன்னா அது எனக்கு நல்லதாத்தான் இருக்கும்க்கா. போறது நீங்க" என்றாய். பிறகு சும்மா இருந்தாய். அந்தச் சும்மா இருப்பு இருக்கிறதே, அப்பா! என் நாக்கு நுனியில் பத்து யோசனை வந்து நின்றன. கால் மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். என் வாழ்நாளில் அதற்கு முன் அப்படி இருந்தது பல் பிடுங்கும்போது மட்டும்தான், அப்போதும் வாய் திறந்துதான் இருந்தது. கனி ஒரு நைட்டியின் பக்கத் தையல் முழுவதையும் ஓட்டி முடித்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"கை வெளங்காதுன்னு எழுதுன துட்ட இந்தக் கையால எப்படி வாங்குறது? வா, போவோம்" என்றாள்.

மறுபரிசீலனை நாளும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். அன்று அவள் எப்படி வர வேண்டும் என்று கேட்டதற்கு, வேலைக்குப் போகும்போது எப்படிப் போவீர்களோ அப்படி என்று நீ சொல்லியிருந்தாய். அதே நாவல்பழச் சேலை, அதே கம்மல். பூ மட்டும் நான் வாங்கிக் கொடுத்தேன், மூன்று முழம். கையில் அவள் தைத்த நைட்டி ஒன்றும், கம்பெனிக்காரம்மா வேலைக்கு எடுத்துக்கொள்வதாக எழுதிக் கொடுத்த கடிதமும். கனி அதிகாரியைப் பார்த்து, "அன்னைக்கு நான் சொன்னது பொய்யி சார். என் கை நல்லாருக்கு, நான் தையக்காரி" என்றாள். அதிகாரி நிமிர்ந்தார். ஏம்மா பொய் சொன்னீங்க, யார் உங்களுக்கு இதையெல்லாம் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். அறை கப்சிப். அப்போது நான் எழுந்து நின்று, "நான்தான் சார்" என்றேன். தாலுகா ஆபீஸ் எதிரே கடை வைத்திருப்பவன், இந்தப் பெண் மேல் தப்பில்லை, தண்டனை என்றால் எனக்குக் கொடுங்கள் என்றேன். அதிகாரி என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ஒத்துக்கொள்ள ஒரு மனசு வேண்டும் என்று சொன்னார். இந்தக் கதை இப்போது பஸ் ஸ்டாண்டு வரை பரவியிருக்கிறது. பால்கோவாக் கடையில் என்னைப் பார்த்தால் இன்னும் அதைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள்.

பிறகு அதிகாரி ஒரு காரியம் செய்தார். வெளியே மரத்தடியில் ஏற்கெனவே ஸ்கூட்டர் வாங்கிய ஒருவர் நின்றார். அவர் வண்டியைக் கேட்டு வாங்கி, இந்த மைதானத்தில் ஓட்டிக் காட்ட முடியுமா என்று கனியைக் கேட்டார். நீ முன்னமே அவளுக்கு யாரிடமோ சொல்லி நாலு நாள் பழக்கம் கொடுத்திருந்தாய், எனக்குத் தெரியாது. கட்டைகளை உன்னிடம் கொடுத்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். முதல் சுற்றில் வண்டி ஆமையாகப் போயிற்று. இரண்டாம் சுற்றில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஜன்னலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். மூன்றாம் சுற்றில் அவள் ஒரு கையை எடுத்து, காற்றில் சரிந்த பூவைச் சரிசெய்து வைத்துக்கொண்டாள். அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பூ அங்கயேதான் இருக்கும்மா, கைய வண்டியில வையுங்க" என்று சொல்லிக்கொண்டே பேனாவைத் திறந்தார். உத்தரவின் முதல் நகலை நான்தான் எடுத்தேன். அதைப் பார்த்த கம்பெனிக்காரம்மா, வண்டி கைக்கு வரும்வரை தன் சரக்கு வண்டியிலேயே கனியை ஏற்றி வரச் சொல்லிவிட்டார்.

வண்டி வந்த மாதமே ஒரு மத்தியானம் பேய் மழை. கனி சொட்டச் சொட்ட என் கடை முன்னால் வந்து நிறுத்தினாள். ஓட்டுநர் உரிமத்தை நகல் எடுக்க வேண்டுமாம். மழை விட்டதும் வரக்கூடாதா என்றேன். "நனைஞ்சுட்டேன் அண்ணாச்சி" என்றாள், ஏதோ பரிசு விழுந்தவள்போல. அவள் அத்தான் இப்போது அவசரத்துக்கு அவள் பின்னால் ஏறிப் போகிறார். மெதுவாகப் போ என்று கத்திக்கொண்டே போவதை நானே பார்த்தேன்.

மகளே, நீ போகிற இடத்தில் பிள்ளைகளின் காரியம். நம்மூர்ப் பெரியவர்களாவது பொய்யாவது சொல்லித் தங்களைக் காட்டிக்கொள்வார்கள், பிள்ளைகள் அதுவும் செய்யாமல் சும்மா நிற்கும். அதனால் உன் மூன்று டீ அங்கே பத்து டீயாக ஆகலாம். ஆகட்டும், அவசரப்படாதே. மேலே இருப்பவர்கள் எத்தனை பாரம் நிரப்பினாய் என்று கேட்பார்கள். நிரப்பித்தான் ஆக வேண்டும், பாரம் இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது, அதை ஜெராக்ஸ்காரன் சொல்கிறேன், நம்பு. ஆனால் பாரத்தில் ஒருவருக்கு என்ன இல்லை என்று கேட்கிற கட்டங்கள்தான் நிறைய. என்ன இருக்கிறது என்று எழுத இடம் இருக்காது. நீ ஓரத்திலாவது எழுதிவிடு. தையக்காரி என்று எழுதிவிடு. உதவி கிடைத்ததும் கோப்பை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் இருக்காதே. நீ வண்டி கொடுத்த பிறகும் மூன்று தடவை சேத்தூருக்குப் போனாய், பிரேக் எப்படி, சம்பளம் ஒழுங்கா, அக்கா வீட்டில் பேச்சு எப்படி என்று கேட்டுக்கொண்டு. அந்த மூன்று தடவைக்கு எந்தப் பாரமும் இல்லை. அதுதான் வேலையில் பாதி. கேட்ட துக்கத்தையெல்லாம் ராத்திரி தட்டில் போட்டுக்கொள்ளாதே, முதலில் சாப்பிடு. லீவுக்கு வரும்போது முன்னமே சொல், பால்கோவா சூடாக இறக்குகிற நேரம் எனக்குத் தெரியும்.

என் கடையில் இப்போதும் பயிற்சி உண்டு. இழுப்பறையில் வெங்காயம் இல்லை, அதை உன் பெரியம்மா சாம்பாரில் போட்டுவிட்டாள். நகல் எடுக்க வருகிறவர்களிடம், உங்களுக்கு என்ன வேலை தெரியும், மனுவில் அதை எழுதினீர்களா என்று கேட்கிறேன். சிலர் ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ஒரு கிழவர், "ஏலே, ஒனக்கு என்னாச்சு, முன்னெல்லாம் நல்லாத்தான சொல்லிக் குடுப்ப?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். போகட்டும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு டீ குடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். நான் எழுந்து நின்றேன் என்று எழுதினேன் இல்லையா, அது நடக்கவில்லை. நான் அந்த அறையிலேயே இல்லை. கனியின் பெயரைக் கூப்பிட்டதும் நீங்கள் இருவரும் உள்ளே போனீர்கள், எனக்குக் கால் வரவில்லை. அதிகாரி கடையை மூடச் சொல்லிவிடுவாரோ, ஊருக்குள் மானம் போய்விடுமோ என்று சுவரோரமாக ஜன்னலுக்குக் கீழே நின்றுகொண்டேன். யார் சொல்லிக் கொடுத்தது என்று அவர் கேட்டது நிஜம். அறை கப்சிப் ஆனதும் நிஜம். கனி என் பெயரைச் சொல்லவில்லை. நீதான் பேசினாய். "அவுக பேரச் சொன்னா ஒரு ஆளத்தான் சார் நீங்க திட்ட முடியும். அழுது காட்டுனாத்தான் குடுப்பாகன்னு ஊரே நம்புது. நாமதான சார் அப்படி நம்ப வச்சிருக்கோம்?" என்றாய். பிறகு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவர் அந்த நைட்டியை எடுத்துத் தையலைப் பார்த்தார் என்று நீ பிறகு சொன்னாய். ஒத்துக்கொள்ள ஒரு மனசு வேண்டும் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை, அது நான் சேர்த்தது. நீங்கள் வெளியே வந்தபோது நான் அப்போதுதான் வருகிறவன்போல எதிரே வந்து நின்றேன். நீ என்னைப் பார்த்தாய், மைதானத்துக்கு வாங்க பெரியப்பா என்று என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாய். இத்தனை நாளும் ஊரில் நான் அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் நீ பக்கத்தில் இருந்தும் மறுத்ததில்லை. அதிகாரி அன்று கேட்ட கேள்விக்குப் பதில் இன்னும் யாரும் கொடுக்கவில்லை. நான் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
சொல்லிக் கொடுத்த ஆள்,
உன் பெரியப்பா